கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறுமுன்



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதிய செய்தியன்று. லெப்பைக்குடிக்காடு, வ.களத்தூர் பகுதிகளில் வளைகுடாவுக்குப் போய் வருவது நெடுநாளையப் பழக்கம். அங்கே கடை வைத்திருப்பவரைக் கேட்டால், மளிகை எப்போது அதிகம் ஓடும் என்பதைப் பண்டிகைக் காலண்டரைப் பார்த்து மட்டும் சொல்ல மாட்டார். அக்கரையிலிருந்து பணம் வந்து சேரும் தேதியையும் சேர்த்துத்தான் சொல்வார். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் நிறைய. திருச்சி விமான நிலையம் பெரம்பலூரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம். பேருந்து ஏறுவதுபோல் ஆகிவிட்டது.

இத்தனை காலம் போனவர்கள் நம் வாடிக்கையாளர்கள். இப்போது போகத் துடிப்பவர்கள் நாமே, அல்லது நம் பிள்ளைகள். "ரெண்டு வருசம் போயிட்டு வந்துடுறேன், கடையை மூடிடலாமா?" என்ற கேள்வி சங்கக் கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. போ என்றோ போகாதே என்றோ இதற்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மண்டி விலை, லாரி வாடகை, கழிவு எல்லாம் போட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்காதவர்கள் நாம். மூன்று வருட வாழ்க்கையை மட்டும் ஏஜெண்டு வாயால் சொன்ன ஒரு சம்பளத் தொகையைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறோம். வரவும் பற்றும் எழுதிப் பார்ப்போம், வாருங்கள்.

ஓர் உதாரணக் கடையை எடுத்துக்கொள்வோம். பெரம்பலூரில் நடுத்தர மளிகை. நாள் விற்பனை 8,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து லாபம் என்றால் நாளுக்கு 800, மாதத்துக்கு 24,000. வாடகை, மின்சாரம், வண்டிச் சத்தம், பை, எலி தின்றது, எடையில் குறைந்தது எல்லாமாக 6,000 கழித்தால் 18,000 நிற்கும். இது உதாரணம்தான். உங்கள் கடையின் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

துபாயில் கடை உதவியாளர் வேலை, 1,200 திர்ஹாம் சம்பளம் என்று ஏஜெண்டு சொல்கிறார். திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று போட்டால் 27,600. கேட்கிறவர் உடனே மனக்கணக்குப் போடுகிறார்: கடையைவிட 9,600 கூடுதல்! சரி, அங்கே சாப்பிட வேண்டாமா? சாப்பாட்டுக்கு 300 திர்ஹாம். கைப்பேசி, முடிவெட்டு, சோப்பு, சில்லறைச் செலவுக்கு 100. தங்குமிடம் முதலாளி கொடுப்பார் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 800 திர்ஹாம், நம் பணத்தில் 18,400. கடைக்கும் சம்பளத்துக்கும் வித்தியாசம் 400 ரூபாய். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் விலை!

இன்னும் முடியவில்லை. நம் வீட்டு அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, குழந்தையின் பிஸ்கட் எல்லாம் எங்கிருந்து வருகிறது? கடையிலிருந்து, கொள்முதல் விலையில், பெரும்பாலும் கணக்கிலேயே ஏறாமல். கடையை மூடிய மாதத்திலிருந்து அதே சாமானை வீட்டுக்காரம்மா அடுத்த கடையில் சில்லறை விலைக்கு வாங்க வேண்டும். அதற்கு ஒரு 5,000 எழுதுங்கள். போவதற்காக ஒரு லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 2,000 வட்டி. கடையில் இருந்த சரக்கை அவசரத்தில் தள்ளிவிட்டதில் போன நஷ்டம் தனி. இதையெல்லாம் கழித்தால் அக்கரைச் சம்பளம் 11,400 ரூபாய். ஓடும் கடையை மூடிவிட்டுப் போகிறவர் லாபத்துக்குப் போகவில்லை. மாதம் 6,600 ரூபாய் கைநஷ்டத்துக்குப் போகிறார்.

அப்படியானால் போனவர்கள் மாடி வீடு கட்டினார்களே, தங்கச்சிக்குக் கல்யாணம் செய்தார்களே, அது எப்படி? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. நம் கல்லாவில் பணம் தினமும் வருகிறது, தினமும் கரைகிறது. மாமன் வீட்டு மொய், திருவிழா நன்கொடை, பள்ளிக்கூட வேன், கைமாற்றுக் கேட்டு வரும் சிநேகிதன், சாயங்காலம் 'ஐந்நூறு எடு' என்று வரும் வீட்டுப் பிள்ளை என்று கல்லாவுக்குப் பத்துக் கைகள். அக்கரையில் இருப்பவன் பணத்துக்கு அத்தனை கை எட்டுவதில்லை. மாதம் ஒரு நாள் மொத்தமாக வருகிறது, வந்த தொகை கண்ணுக்குத் தெரிகிறது, தெரிவதால் சேர்கிறது. வெளிநாட்டுப் பணத்தின் பலம் தொகையில் இருப்பதைவிட அந்தத் தூரத்தில் இருக்கிறது என்பது நமது கருத்து. தினம் 300 ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுத்து அஞ்சலகத் தொடர் வைப்பிலோ வங்கியிலோ போட்டால், மூன்று வருடத்தில் வட்டி இல்லாமலே 3,24,000 சேரும். ஆனால் போடுகிறோமா? எத்தனை பேர் போடுகிறோம்? போட முடியாதவர்கள்தான் விமானம் ஏறுகிறார்கள்.

கடையும் ஓட, ஒருவர் போயும் வந்தால் நிலைமை வேறு. அண்ணன் கல்லாவில், தம்பி அக்கரையில் என்றால் 18,000மும் 18,400மும் கூட்டல் கணக்கு. 22 வயது மகனுக்குக் கடைப் பொறுப்பு இன்னும் வரவில்லை, அப்பா திடமாக இருக்கிறார் என்றால் அவன் இரண்டு மூன்று வருடம் போய் வருவதில் நமக்கு எந்த மறுப்பும் இல்லை. போக வேண்டும் என்றே சொல்வோம். 42 வயதில், ஓடுகிற கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறவர், மூத்த பெண் பத்தாவது படிக்கும்போது கிளம்புவது முற்றிலும் வேறு பயணம். இரண்டுக்கும் பாஸ்போர்ட் ஒரே நிறம் என்பதால் கணக்கும் ஒன்றாகிவிடாது.

பிள்ளைகளை அனுப்பலாம் என்று நாம் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. வளைகுடாவில் மளிகைக் கடைக்குப் பக்காலா என்று பெயர். அபுதாபியில் சின்னப் பக்காலாக்கள் எல்லாம் 2012ஆம் ஆண்டு முடிவதற்குள் புதிய விதிகளின்படி கடையை மாற்றியமைக்க வேண்டும் என்று அரசு கெடு வைத்தது. மாற்ற முடியாத கடைகள் பல 2013 தொடக்கத்தில் மூடப்பட்டன. மாறிய கடைகளில் நின்றவர்கள் நம் ஊர்ப் பக்கத்துப் பையன்களைப் போன்றவர்கள்தான். காலாவதித் தேதி பார்த்துப் பழைய சரக்கை முன்னால் நகர்த்துவது, பால் பொருளைச் சோப்புக்குப் பக்கத்தில் வைக்காதது, ஒவ்வொரு பொருளுக்கும் விலைச்சீட்டு, பட்டைக் குறியீடு வைத்து ரசீது போடுவது, தொலைபேசியில் கேட்டால் அடுக்குமாடிக்கு ஒரு தண்ணீர்ப் புட்டியாக இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அங்கே அன்றாட வேலை. இன்று நம் ஊருக்குள் வந்திருக்கும் பெரிய கடைகளும் கைப்பேசி வியாபாரமும் நம்மிடமிருந்து வாடிக்கையாளரை இழுப்பது இந்தப் பழக்கங்களால்தான். இவற்றைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுவர ஓர் இடம் இருக்கிறது என்றால் அது சிறிய லாபமா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அப்பா கடையில் மத்தியானம் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் முகம் சுளித்த பையன், அங்கே யாரோ ஒருவர் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று சிரித்த முகத்தோடு சாமான் எடுத்துக் கொடுக்கிறான். அப்பா கடையில் அவனுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது என்பதை நாமும் யோசிக்க வேண்டாமா? மகனுக்கு மாதச் சம்பளம் எழுதிக் கொடுக்கும் கடைகள் நம்மில் எத்தனை? வேலைக்கு நிற்கும் வெளிப்பையனுக்குக் கொடுப்பதையாவது அவன் கையில் கொடுத்திருந்தால் சிலர் போயே இருக்க மாட்டார்கள்.

இனிப் பற்றுப் பக்கத்தில் எழுத மறக்கும் சில வரிகள்.

1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே கடை, வேலை, சேமிப்பு என்றிருந்த இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் நகரம் வரை வந்து, அங்கிருந்து விமானங்களில் ஊர் திரும்பினார்கள். 1,70,000 பேருக்கு மேல். பலர் உடுத்திய துணியோடு வந்தவர்கள். சவூதி அரசு 2018 செப்டம்பர் தொடங்கி 2019 ஜனவரிக்குள் துணி, வீட்டுச் சாமான், மின்னணுப் பொருள், இனிப்பு முதலான 12 வகைக் கடைகளில் வேலைகளில் பெரும்பங்கு சொந்த நாட்டவருக்கே என்று விதி கொண்டுவந்தது. அது அவர்கள் நாடு, அவர்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வேலையை நம்பிக் கடையை விற்றுவிட்டுப் போனவருக்குத் திரும்பி வர ஓர் இடம் வேண்டுமே.

2020ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதக் கடைசியில் வெளிநாட்டு விமானங்கள் நின்றன. வேலையும் போய், விமானமும் இல்லாமல் அறைக்குள் அடைந்து கிடந்தவர்களை அழைத்துவர மே 7இல்தான் சிறப்பு விமானங்கள் தொடங்கின. அதே மாதங்களில் இங்கே என்ன நடந்தது? கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களால் அரியலூரில் தொற்று ஏறிய அந்த மே மாதத்திலும், நேரக் கட்டுப்பாட்டோடு திறந்திருந்தது மளிகைக் கடைதான். ஊரே முடங்கியபோது நம் தொழில் அத்தியாவசியம் என்று அரசே சொன்னது. கூரை ஒழுகினாலும் சொந்தக் கடை என்பதன் மதிப்பு அந்த வருடம் தெரிந்தது.

அதற்கும் முந்தைய பாடம் பர்மா. தமிழர்கள் அங்கே வேலை பார்த்ததோடு நிற்கவில்லை, கடையும் வைத்தார்கள், வட்டிக்கடையும் நடத்தினார்கள். 1964 மார்ச்சில் அந்நாட்டு இராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. லட்சக்கணக்கில் இந்தியர்கள் வெளியேறினார்கள். சென்னை கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே 1969இல் உருவான பர்மா பஜார், அப்படி வந்தவர்கள் பிழைக்க ஏற்படுத்தப்பட்டது. பெரிய கடை நடத்தியவர்கள் நடைபாதையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

நம் மண்ணுக்கு இதில் பழைய பெருமை ஒன்று உண்டு. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட இராசேந்திரன் 1025 வாக்கில் கடாரத்துக்குப் படை அனுப்பியதை மேடைதோறும் பேசுகிறோம். வணிகர்களுக்கு அந்தப் படையைவிட நெருக்கமானது ஒரு கல்வெட்டு. சுமத்ரா தீவில் பரூஸ் என்ற ஊரின் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அது. பொறித்தவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு. அங்கே வரும் கப்பல்காரர்கள் குழுவுக்கு எவ்வளவு செலுத்த வேண்டும் என்ற முடிவைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். போன இடத்திலும் அவர்களுக்குச் சங்கம் இருந்தது, சங்கத்துக்கு விதி இருந்தது, நிதி இருந்தது. இன்று நம் ஆள் போகும்போது யாருடைய கையில் போகிறான்? அரைகுறையாக அறிமுகமான ஓர் ஏஜெண்டின் கையில்.

ஏஜெண்டைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு உண்டு. லட்சம், ஒன்றரை லட்சம் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியோடு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்கிறது. இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய். சுற்றுலா விசாவில் போனவருக்கு இது எதுவும் கிடையாது. 2024 ஜூன் 12இல் குவைத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் ஒன்று தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. 275 ரூபாய்க் காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு வேறு என்ன சொல்வது? தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நாம் அக்கரையில் இருக்கும்போது இங்கே கடன் நோட்டு என்ன ஆகிறது?

நம் மாவட்டங்களில் மளிகை வியாபாரம் பாதிக்குமேல் வெள்ளாமையை நம்பிய கடன் வியாபாரம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் காசான பிறகுதான் பாக்கி வரும். முந்திரிப் பக்கத்துக் கிராமங்களில் கோடையில் கொட்டை விற்ற பிறகு வரும். ஆவணி, புரட்டாசியில் விதை போடும் குடும்பத்துக்குக் கடன் கொடுத்துவிட்டு ஐப்பசியில் விமானம் ஏறினால், தை, மாசியில் வசூலுக்குப் போவது யார்? கொடுத்தவர் முகத்துக்குத்தான் பாக்கி வரும். அவர் தம்பி போய்க் கேட்டால், "அண்ணன் வரட்டும், பார்த்துக்கலாம்" என்பார்கள். போவதாக இருந்தால் வசூல் முடிந்து பங்குனிக்குப் பிறகு போங்கள்.

சட்டம் இதைவிடக் கண்டிப்பானது. 1963ஆம் ஆண்டுக் கால வரையறைச் சட்டத்தின்படி, கடனுக்கு விற்ற சரக்கின் பாக்கிக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் கடன்காரர் 'இவ்வளவு பாக்கி தர வேண்டியது உண்மை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். கொஞ்சம் பணம் கொடுத்து, அதை எழுதிக் கையெழுத்திட்டாலும் அப்படியே. இதில் பலருக்கும் தெரியாத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கடன் வாங்கியவர் வெளிநாடு போய்விட்டால், அவர் இந்தியாவில் இல்லாத காலம் அந்த மூன்று வருடத்தில் சேராது. அவர் திரும்பி வந்த பிறகும் கேட்கலாம். கடன் கொடுத்த நாம் வெளிநாடு போனால் அந்தச் சலுகை இல்லை. நாம் துபாயில் இருந்தாலும் கடிகாரம் இங்கே ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று வருட விசா முடித்துத் திரும்பும்போது நோட்டில் இருக்கும் பாக்கி, நீதிமன்றத்தைப் பொறுத்தவரை வெறும் மை. ஆகவே கிளம்புமுன் ஒரு மாதம் ஒதுக்கி, வீடு வீடாகப் போய்ப் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள். சங்கடமாக இருக்கும். டீ குடித்துக்கொண்டே வாங்கலாம். 'நான் இல்லாதப்ப வீட்டுல குழப்பம் வரக்கூடாது' என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். கடை மூடியிருந்தாலும் கணக்குத் தாக்கல் நிற்காது. விற்பனையே இல்லாத மாதத்துக்கும், தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் தண்டம். வழக்கமான முறையில் இருப்பவர் தொடர்ந்து ஆறு மாதம் தாக்கல் செய்யாவிட்டால் பதிவை ரத்துசெய்யலாம். இல்லை என்ற கணக்கைக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாகவே அனுப்பும் வசதி 2020இலிருந்து இருக்கிறது. ஆனால் அந்தக் கைப்பேசி எங்கே? அக்கரையில், பெட்டிக்குள். வங்கி ஓ.டி.பி., ஜி.எஸ்.டி. ஓ.டி.பி., கடை வாசலில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டைக்குப் பணம் வந்த செய்தி எல்லாம் அந்த ஒரு சிம்முக்குத்தான் வரும். ஆயிரம் யோசனை செய்பவர்கள் இந்தச் சிம்மை யோசிப்பதில்லை. கடைக்கென்று தனி எண் வைத்து, அதைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

வேலைக்குப் போகிறவர் தம் சேமிப்புக் கணக்கை வெளிநாடு வாழ்வோருக்கான கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. கணவர் பெயரில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை மனைவிக்கு அப்படியே மாற்றித்தர முடியாது. அவர் பெயரில் புதிதாகத்தான் பதிவு வாங்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் போகிறவர் மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ கடையைப் புதிதாகப் பதிவு செய்து, நடப்புக் கணக்கும் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போவதே சுலபம். பவர் பத்திரம் வேண்டுமென்றால் இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். போன பிறகு என்றால் தூதரகத்துக்கு அலைந்து சான்று வாங்கி, பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். வாடகைக் கடை என்றால் கட்டட உரிமையாளரிடமும் எழுத்தில் ஒரு வார்த்தை. உள்வாடகைக்கு விட்டுவிட்டீர்கள் என்று ஒரு நாள் அவர் சொல்லலாம்.

வேலைக்குப் போகாத பயணம் ஒன்றும் இருக்கிறது. மகனோ மகளோ அமெரிக்காவில். பிரசவம், குழந்தை, அப்பா அம்மா ஆறு மாதம் வர வேண்டும். முப்பது வருடம் பொங்கல் அன்று சாயங்காலம் தவிரக் கடை மூடாதவர், முதல்முறையாகக் கல்லாவை விட்டு எழுந்திருக்கிறார். நாம் இதை ஆதரிக்கிறோம். பேரனைத் தூக்குவது ஒரு காரணம். இன்னொன்று, அந்த ஆறு மாதம் அடுத்த தலைமுறை கடையை நடத்திப் பார்க்கக் கிடைக்கும் ஒத்திகை. அப்பா கூப்பிடு தூரத்தில் இருக்கும்வரை எந்தப் பிள்ளையும் கொள்முதல் விலையைத் தானே பேசக் கற்றுக்கொள்வதில்லை. ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆறு மாத மருந்தை மருத்துவர் சீட்டோடு எடுத்துப்போங்கள். பயணக் காப்பீடுகள் பலவும் ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராது. அங்கே ஒரு நாள் மருத்துவமனைச் செலவு நம் கடையின் வருட லாபத்தைச் சாப்பிட்டுவிடும். அப்புறம், கைப்பேசியில் கேமரா வைத்து அங்கிருந்தே கடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் வேண்டாம். அங்கே இரவு விழித்திருப்பீர்கள், இங்கே பையன் பயந்தே விற்பான்.

திரும்பி வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் நமக்காகக் காத்திருப்பதில்லை. 2001இல் அரியலூர் மாவட்டத்திலிருந்து கிளம்பிய ஒருவர் 2002 கோடையில் விடுமுறைக்கு வந்திருந்தால் அது பெரம்பலூர் மாவட்டம். 2007 கடைசியில் ஒரேயடியாகத் திரும்பியிருந்தால் மறுபடி அரியலூர் மாவட்டம். அரசே இப்படி என்றால் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டுமா? மூன்று மாதம் பூட்டிய கடையின் வாடிக்கை அடுத்த கடையில் நோட்டுப் போட்டுவிடும். கொண்டுவந்த பணத்தில் முதலில் வீட்டு முகப்பைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் கடையைத் திறப்பவர்கள் சரக்குப் போடக் கடன் வாங்குகிறார்கள். முதலில் சரக்கு, பிறகு முகப்பு என்று வைத்துக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

கடைசியாக, இது போகிறவர்களுக்கு அல்ல. போகாமல் இங்கே இருக்கும் மண்டிக்காரர்களுக்கும் ஸ்டாக்கிஸ்டுகளுக்கும். கணவர் வெளிநாட்டில் இருக்க, கடையைத் தனியாக நடத்தும் தாய்மார்கள் நம் இரு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். பலர் கணவரைவிடக் கணக்கில் கெட்டி. கொடுக்கக் கூடாதவருக்குக் கடன் கொடுப்பதில்லை, கல்லாவில் பத்துக் கைகளை விடுவதில்லை. ஆனால் கணவருக்குப் பதினைந்து நாள் தவணை கொடுத்த அதே மண்டி, அவர் போன மறுமாதம் மனைவியிடம் ரொக்கம் கேட்கிறது. லைன் வண்டிப் பையன்கள் "அண்ணன்கிட்ட போன்ல பேசிக்கிறேங்க்கா" என்று திரும்பிப் போகிறார்கள். அக்கரையில் வேலை நேரத்தில் இருப்பவர் போனை எடுப்பதற்குள் பொழுது போய்விடுகிறது, சரக்கு இல்லாமல் கடை காலியாகிறது, காலியான கடையை ஆறு மாதத்தில் பூட்டுகிறார்கள். பிறகு, வெளிநாடு போனதால் கடை போச்சு என்று ஊரில் பேச்சு. அந்தக் கடை ஏன் போனது என்பது நமக்குத் தெரியும். ஆகவே, கடையின் பழைய வரவுசெலவு நேராக இருக்குமானால், நடத்துபவர் மனைவியோ தங்கையோ யாராக இருந்தாலும் அவர் கையெழுத்துக்கு அதே தவணையில் சரக்குக் கொடுப்பது என்று இரு மாவட்டச் சங்கங்களும் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொள்ளலாம். மண்டிக்காரர்கள் அவசியம் வர வேண்டும். கடை நடத்தும் தாய்மார்களையும் அன்று அழைக்க வேண்டும்.